பெரிய டயர் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாமா?

சரக்கு வண்டி வைத்துள்ள வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

மளிகைக் கடைக்காரர், அரிசி மண்டிக்காரர், சிமெண்ட் வியாபாரி, பூக்கல் பட்டறை வைத்திருப்பவர் என்று நம்மில் பலர் இன்று சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். சிலரிடம் 'குட்டி யானை' இருக்கிறது. சிலரிடம் டிராக்டரும் டிரெய்லரும் இருக்கின்றன. வியாபாரம் பெருகும்போது எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது. "டயரைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டால் கூடுதலாக நாலு மூட்டை ஏற்றலாமே!" பஞ்சர் கடையிலும் இதையே சொல்வார்கள், ஓட்டுநரும் இதையே சொல்வார்.

இந்த எண்ணம் வெறும் பேராசையால் வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கர மாட்டு வண்டிகள் மாறி, காற்றடைத்த டயர் வண்டிகள் வந்தபோது, அதே ஜோடி மாடு முன்னைவிட அதிகப் பாரத்தை எளிதாக இழுத்தது. "டயர் மாறினால் பாரம் கூடும்" என்ற நம்பிக்கை அப்போதே ஊன்றிவிட்டது. ஆனால் அந்த வண்டியில் டயர் மட்டும் மாறவில்லை. மரச்சக்கரம் போய் இரும்பு டிஸ்க் வந்தது; பழைய இருசு போய்ப் பேரிங் வைத்த அச்சு வந்தது. டயரோடு சேர்ந்து எல்லாமே மாறியதால்தான் பாரம் கூடியது. இந்தப் பாடத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியும் இதுதான்: வண்டியின் தாங்கும் சக்தியைத் தீர்மானிப்பது அதிலுள்ள மிகவும் பலவீனமான உறுப்பு. டயர் ஓர் உறுப்பு மட்டுமே.

1. முதலில் சரக்கை எடை போடவும்

டயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் நாம் ஏற்றும் சரக்கின் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மளிகைச் சரக்கில் இது எளிது. அரிசிச் சிப்பம் 25 கிலோ என்றால் 40 சிப்பம் ஒரு டன். சிமெண்ட் மூட்டை 50 கிலோ என்றால் 20 மூட்டை ஒரு டன். கணக்கு கண்ணுக்குத் தெரிகிறது.

ஏமாற்றுவது கல் வகைச் சரக்குதான். நம் ஆத்தங்குடிப் பூக்கல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. ஓர் அடிக்கு ஓர் அடி அளவில், 20 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கல் சுமார் 4 கிலோ இருக்கும். (உங்கள் பட்டறைக் கல்லைத் தராசில் வைத்துப் பார்த்து உங்கள் கணக்கை எழுதிக்கொள்ளவும். தொட்டியிலிருந்து எடுத்து நன்கு உலராத கல் இன்னும் கனக்கும்.)

இனி வண்டியைப் பார்ப்போம். 2005-இல் அறிமுகமாகி, நம் பக்கத்தில் குட்டி யானை என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் போன்ற சிறு வண்டியில், 750 கிலோ ஏற்றக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சரக்குத் தளம் ஏறத்தாழ 7 அடி நீளம், 4¾ அடி அகலம், அதாவது 33 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் தளத்தில் கல்லை ஒரு வரிசை படுக்கையாகப் பரப்பினால் 33 கல்; எடை 132 கிலோ. ஆறாவது வரிசை முடியும் முன்பே 750 கிலோ வந்துவிடும். அப்போது கல்லின் உயரம் நாலரை அங்குலம்தான்! வழக்கப்படி கற்களை நிறுத்தி வைத்து, இடையில் வைக்கோல் செருகி ஏற்றுவதானால், தளம் முழுவதும் நிறையும் முன்பே வண்டியின் பாரம் முடிந்துவிடும். மீதி இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து ஓர் அடி உயரத்துக்குத் தளம் முழுவதும் கல்லை அடுக்கினால் ஏறும் எடை எவ்வளவு தெரியுமா? இரண்டு டன்!

பொரி மூட்டை ஏற்றுகிறவருக்கு வண்டி நிறைந்த பின்னும் பாரம் வராது. கல் ஏற்றுகிறவருக்கு வண்டி நிறையும் முன்பே பாரம் முடிந்துவிடுகிறது. ஆகவே இடத்தைப் பார்த்து ஏற்றாமல், எடையைப் பார்த்து ஏற்ற வேண்டும்.

2. பதிவுச் சான்றில் இரண்டு எண்கள்

வண்டியின் பதிவுச் சான்றில் (ஆர்.சி. புத்தகம்) வெறும் வண்டியின் எடை ஒன்றும், பாரத்தோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒன்றும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய எடை. சரக்கோடு ஏறிச் செல்லும் ஆட்கள், தார்ப்பாய், கயிறு, பின்னால் பொருத்திய இரும்புக் கூண்டு எல்லாமே இந்தக் கணக்கில் அடங்கும்.

இந்த எண்ணைக் கடைச் சுவரில், சரக்கு ஏற்றும் இடத்தில், பெரிதாக எழுதி ஒட்டவும். ஏற்றுகிற தொழிலாளிக்குப் புரியும்படி, "சிப்பமானால் இத்தனை, கல்லானால் இத்தனை" என்று எழுதினால் இன்னும் நல்லது.

3. பாரத்தைத் தாங்குவது டயரா, காற்றா?

பலரும் பாரத்தை டயரின் ரப்பர் தாங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் பாரத்தின் பெரும் பகுதியைத் தாங்குவது உள்ளே அடைத்த காற்று. அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும் உறுதியான பை என்று டயரைச் சொல்லலாம்.

60 பவுண்டு காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.2 கிலோ அழுத்தம். அந்த டயர்மேல் 500 கிலோ பாரம் இருந்தால், தரையில் சுமார் 120 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு டயர் பதியும். நாலு அங்குலக் கல்லைவிடச் சற்றே பெரிய இடம் அது. அதே பாரத்துக்குக் காற்று 40 பவுண்டாகக் குறைந்தால் பதியும் இடம் சுமார் 178 சதுர சென்டிமீட்டராக விரியும். அவ்வளவு இடம் பதிய வேண்டுமானால் டயரின் பக்கச் சுவர் நன்றாக மடங்க வேண்டும். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் மடங்கி மடங்கி நிமிர்வதால் டயருக்குள் சூடு ஏறுகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளையும் இடம் சுடுவதைப் போன்றதுதான் இதுவும். சூடு மிகுந்தால் உள்ளிருக்கும் நூல் அடுக்குகளும் ரப்பரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பிறகு ஒரு நாள் வெயிலில், நெடுஞ்சாலையில், டயர் வெடிக்கும்.

காற்று குறைந்தாலும், பாரம் மிகுந்தாலும் டயருக்கு நேர்வது ஒன்றுதான். எனவே "டயர் பலமானது, காற்று கொஞ்சம் குறைந்தால் என்ன" என்று இருக்கலாகாது. பெரிய டயராக இருந்தாலும் காற்று குறைந்திருந்தால் அது சிறிய டயருக்குச் சமம்.

4. டயரின் பக்கச் சுவரைப் படிக்கக் கற்போம்

மூட்டையின் மேல் எடையும் ரகமும் அச்சிட்டிருப்பதைப் போல, டயரின் பக்கச் சுவரிலும் அதன் ஜாதகம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது.

அளவு: '145 ஆர் 12' என்றிருந்தால், டயரின் அகலம் 145 மில்லிமீட்டர், 'ஆர்' என்பது ரேடியல் வகை, 12 என்பது டிஸ்கின் விட்டம் 12 அங்குலம். '7.50-16' என்றிருந்தால் அகலம் ஏழரை அங்குலம், டிஸ்க் 16 அங்குலம். நடுவில் கோடு மட்டும் இருந்தால் அது நைலான் வகை டயர்.

பி.ஆர்.: '8 பி.ஆர்.', '16 பி.ஆர்.' என்று காண்பது பிளை ரேட்டிங். பருத்தி நூல் அடுக்கால் டயர் செய்த காலத்தில் எத்தனை அடுக்கு என்பதைக் காட்டிய எண் இது. இப்போது அத்தனை அடுக்கு உள்ளே இருக்க வேண்டியதில்லை. அத்தனை அடுக்குக்குரிய பலம் உண்டு என்பதே பொருள்.

பார எண்: '86/84' என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். இது கிலோ அல்ல, ஒரு குறியீடு. முதல் எண், டயர் ஒற்றையாக ஓடும்போது தாங்கும் பாரம். இரண்டாவது எண், பின்னால் இரட்டை டயராகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் தாங்கும் பாரம். சில எண்களுக்குரிய கிலோவைக் கீழே தருகிறோம். வெட்டி எடுத்துக் கடையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

84 – 500 கிலோ
86 – 530 கிலோ
88 – 560 கிலோ
94 – 670 கிலோ
97 – 730 கிலோ
102 – 850 கிலோ
106 – 950 கிலோ
112 – 1,120 கிலோ
118 – 1,320 கிலோ

வேக எழுத்து: பார எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அந்தப் பாரத்தோடு எந்த வேகம் வரை போகலாம் என்பதை அது சொல்கிறது. 'ஏ8' என்றால் மணிக்கு 40 கிலோமீட்டர், 'ஜே' என்றால் 100, 'எல்' என்றால் 120. இதை நன்கு கவனிக்கவும். டிராக்டர் டிரெய்லருக்கென்று மெதுவான வேகத்துக்குச் செய்த டயர் அதிகப் பாரம் தாங்குவதைப் பார்த்துவிட்டு, அதையே வேகமாக ஓடும் வண்டிக்குப் போடக் கூடாது. அந்தப் பாரம் அந்த வேகத்துக்கு மட்டுமே.

தேதி: நான்கு இலக்க எண் ஒன்று தனியே இருக்கும். '2324' என்றால் 2024-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் நாள்பட்ட ரப்பர் இறுகி வெடிப்பு விடும். 'புது டயர்' என்று கடையில் தரும்போது இந்த எண்ணைப் பார்த்து வாங்கவும்.

5. கூடுதல் பலம் வேண்டுமானால் எந்த வரிசையில் யோசிப்பது?

முதற்படி: வண்டியை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். வழக்கமாக ஏற்றும் சரக்கோடு முழு வண்டியையும் ஒரு தடவை எடை போடவும். பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி இன்னொரு தடவை எடை போடவும். இந்த இரண்டாவது எடைதான் டயர்க் கணக்குக்கு உயிர். சரக்கின் பெரும் பகுதி பின் அச்சின் மேல்தான் இறங்குகிறது. நான்கு டயரின் பாரத்தையும் கூட்டிப் பார்த்து "நாலு ஐந்நூற்று முப்பது, 2,120 கிலோ தாங்குமே" என்று திருப்தி அடைவது தவறு. பின் அச்சின் எடையை இரண்டால் வகுத்து, அதை ஒரு டயரின் பார எண்ணோடு ஒப்பிட வேண்டும். சாலைக் குழியில் இறங்கும்போதும் வளைவில் சாயும்போதும் ஒரு பக்க டயருக்கு அதிகப் பாரம் போகும் என்பதால், பத்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கட்டும்.

இரண்டாம் படி: அதே அளவில் பலம் கூடிய டயர் கிடைக்குமா என்று பார்க்கவும். அளவு மாறாமல் பி.ஆர். எண் உயர்ந்த டயர் பல அளவுகளில் கிடைக்கிறது. வண்டியின் உயரம், டிஸ்க், இடைவெளி எதுவும் மாறாது என்பதால் இதுவே பாதுகாப்பான வழி. ஆனால் கூடுதல் பி.ஆர். டயருக்குரிய கூடுதல் காற்றைப் பிடித்தால்தான் கூடுதல் பாரம் தாங்கும். அந்தக் காற்றைத் தாங்க டிஸ்கும் தகுதியானதாக இருக்க வேண்டும். இன்னொன்று: பலமான டயரில் முழுக் காற்றோடு வெறும் வண்டியாகவோ குறைந்த பாரத்தோடோ போனால் வண்டி துள்ளும். பூக்கல், கண்ணாடி, முட்டை போன்ற சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு அந்தத் துள்ளலே நஷ்டம். கல்லின் முனை உதிர்ந்தால் அந்தக் கல்லை வாங்குவார் இல்லை.

மூன்றாம் படி: அடுத்த பெரிய அளவு. இதற்கு வண்டி செய்த நிறுவனம் உங்கள் மாடலுக்கு அந்த அளவை அனுமதித்திருக்கிறதா என்று முதலில் கேட்கவும். அனுமதித்திருந்தாலும் லாபம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவும். 145 ஆர் 12 டயரின் பார எண் 86, அதாவது 530 கிலோ. 155 ஆர் 12 டயரின் பார எண் 88, அதாவது 560 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயருக்கு 30 கிலோ, பின் அச்சுக்கு 60 கிலோ கூடுகிறது. இரண்டு சிப்பமும் கொஞ்சமும்! இதற்காகச் செலவு செய்வது தகுமா என்று யோசிக்கவும். அதற்கும் மேலே 13, 14 அங்குல டயருக்குப் போனால் டிஸ்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

நான்காம் படி: இவையெல்லாம் போதாதென்றால் வண்டிதான் போதவில்லை; குறை டயரில் இல்லை. இரண்டு நடையாக அனுப்புவது, அல்லது பெரிய வண்டியை வாடகைக்குப் பிடிப்பது, இரண்டில் எது சிக்கனமோ அதைச் செய்யவும்.

6. பெரிய டயரால் மாறுபவை

டயரின் வெளி விட்டம் கூடினால் என்னென்ன மாறும் என்று வரிசையாகப் பார்ப்போம். 28 அங்குல விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு, 30.8 அங்குலம் போடுகிறோம் என்று கொள்வோம். பத்து சதவீதம் பெரிது.

இழுவை: அதே கியரில் சக்கரத்தைச் சுற்ற எஞ்சினுக்குப் பத்து சதவீதம் கூடுதல் சிரமம். மேட்டில் முனகும், கிளட்ச் தேயும்.

பிரேக்: பிரேக் பிடிக்கும் உறுப்புகள் பழையவையே. சக்கரம் பெரிதானதால், அதே மிதியில் தரையில் கிடைக்கும் பிடிப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். பாரமும் கூடியிருந்தால் வண்டி நிற்க இன்னும் அதிக தூரம் வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

வேகமானி: முள் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 55-இல் போகும்.

உயரம்: தளம் 1.4 அங்குலம் உயரும். அடுக்கிய சரக்கும் அதனுடன் உயரும். வளைவில் சாய்வு கூடும். மூட்டை ஏற்றுகிற தொழிலாளியின் முதுகுக்கும் வேலை கூடும்.

இடைவெளி: ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போது டயர் மேல்தகட்டில் உரசுகிறதா, ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போது முன் டயர் எதிலாவது இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் உரசாதது பாரத்தில் உரசும்.

பேரிங், வீல் போல்ட்: அகலமான டயருக்காக வெளியே தள்ளிய டிஸ்க் போட்டால் பேரிங்மேல் பாரம் நெம்புகோல் போல இறங்கும். பேரிங் சீக்கிரம் போகும். போல்ட் அறுந்தால் சக்கரமே கழன்றுவிடும்.

இவற்றில் எதையும் டயர்க் கடைக்காரர் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

7. டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு

நம் பக்கத்தில் மணல், செங்கல், நெல், விறகு, கல் என எல்லாமே டிரெய்லரில் போகின்றன. டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை, வேகமானி இல்லை. பலவற்றில் பிரேக்கும் இல்லை. ஆகவே "பெரிய டயர் போட்டால் என்ன கெடும்?" என்று கேட்கலாம். கெடுவது மூன்று.

முதலாவது, கொக்கி. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் இறங்குகிறது. டயரை உயர்த்தினால் டிரெய்லரின் பின்புறம் உயர்ந்து தளம் முன்னோக்கிச் சாயும். கொக்கியில் பாரம் கூடும். கொக்கியில் பாரம் மிகுந்தால் டிராக்டரின் முன் சக்கரம் தரையில் பதியாமல் ஸ்டியரிங் இலேசாகிவிடும். மேட்டில் முன்பக்கமே தூக்கிக்கொள்ளும். பாரத்தை அச்சுக்குப் பின்னால் தள்ளி ஏற்றினாலோ கொக்கி மேலே தூக்கப்பட்டு, டிரெய்லர் பாம்பு போல ஆடும். பாரத்தின் நடுப்பகுதி அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பதே சரி.

இரண்டாவது, தள்ளும் விசை. பிரேக் இல்லாத டிரெய்லரில் எவ்வளவு பாரம் கூட்டினாலும், நிறுத்துகிற பொறுப்பு முழுவதும் டிராக்டரின் இரண்டு பின் சக்கரங்களுக்கே. கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போவதை ஓட்டுநர்கள் அறிவார்கள். எவ்வளவு பெரிய டயரும் இதற்கு மருந்தல்ல.

மூன்றாவது, அச்சு. டிரெய்லரைச் செய்து தந்த பட்டறை எந்தக் கனத்து அச்சு, எத்தனை ஸ்பிரிங் பட்டை போட்டதோ அதுவே அதன் எல்லை. அச்சு வளைந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். புதுப் பெரிய டயர் ஓரத்தில் மட்டும் தேய்கிறது என்றால் டயரைக் குறை சொல்லாமல் அச்சைப் பார்க்கவும்.

8. ஜோடி சேர்ப்பதில் கவனம்

ஒரே அச்சில் ரேடியலும் நைலானும் கலந்து போடலாகாது. இரட்டை டயரில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றிருந்தால் விட்டம் பெரியதான புது டயரே பெரும் பாரத்தைத் தாங்கும். தேய்ந்தது சும்மா உருளும். பெரிய டயருக்கு மாறும்போது இரண்டுக்கும் நடுவில் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கவும். பாரத்தில் இரண்டும் வயிறு புடைத்து உரசினால் சூடேறிக் கெடும். ரீடிரெட் செய்த டயரை முன் சக்கரத்தில் போட வேண்டாம். ஸ்டெப்னியும் மற்றவற்றின் அளவிலேயே இருக்க வேண்டும். நாலு டயரை மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவில் வைத்திருப்பது வழியில் தொல்லை.

9. சட்டம் என்ன சொல்கிறது?

பெரிய டயர் போட்டதால் பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடை ஒரு கிலோகூட உயராது. இதை எல்லோரும் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு எடை வரம்பைப் பற்றியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், மிகைப் பாரத்துக்கு 194-ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. மிகைப் பாரத்தை இறக்கும்வரை வண்டியை நகர்த்தவும் முடியாது. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்கிறவரும் அனுமதிக்கிறவரும் இந்தப் பிரிவில் வருகிறார்கள். "டிரைவர் ஏற்றினார், எனக்குத் தெரியாது" என்று முதலாளி ஒதுங்க இயலாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 95-ஆவது விதி டயரின் அளவையும் பிளை ரேட்டிங்கையும் தாங்கும் பாரத்தையும் பற்றியது. 94-ஆவது விதியின்படி சரக்கு வண்டியின் டயர்ப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சுப் பார வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடை 18.5 டன் ஆயிற்று. அப்போதும், வண்டி செய்தவர் அச்சுக்குக் குறித்த பாரம், அரசு குறித்த பாரம் இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. பலவீனமான உறுப்பே எல்லை என்று நாம் முதலில் சொன்னதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது.

சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றி அமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எனவே தயாரிப்பாளர் அனுமதிக்காத டயர் அளவுக்கு மாறும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளவும். விபத்து நேர்ந்தால் மிகைப் பாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்ய இடம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். நாம் மிச்சம் பிடித்த ஒரு நடை வாடகை, ஓட்டுநரின் உயிருக்கோ எதிரே வந்தவரின் உயிருக்கோ ஈடாகாது.

10. வாங்கும்போது

வணிக வண்டி டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15636 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். பில்லில் அளவு, பி.ஆர்., டயரின் வரிசை எண் ஆகியவற்றை எழுதி வாங்கவும். உத்தரவாதம் கேட்க அது வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளின் புதிய டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வியாபாரத்துக்கான சரக்கு வண்டியின் டயருக்குக் கட்டிய வரியை, முறையாகப் பதிவு செய்த வியாபாரி உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இல்லை. கணக்காளரைக் கேட்டுச் செய்யவும்.

டயர் நிறுவனங்கள் ஒவ்வோர் அளவுக்கும் பாரம், காற்று, டிஸ்க் அகலம் ஆகியவற்றைப் பட்டியலாக வெளியிடுகின்றன. நல்ல முகவர் கேட்டால் காட்டுவார். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்குவதற்கு நாமும் தயங்கலாம்.

11. தினப் பழக்கம்

காலையில் வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, அளவுக் கருவி வைத்துக் காற்றைப் பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது கணக்கில்லை. ஓடிய பின் சூட்டால் காற்றழுத்தம் கூடிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. பக்கச் சுவரில் வெட்டு, வீக்கம் இருக்கிறதா, பட்டனுக்குள் கல் செருகியிருக்கிறதா என்று ஒரு சுற்று வரவும். அளவுக் கருவி சிறு செலவு. அதை ஓட்டுநரிடம் கொடுத்து, காற்றின் அளவைத் தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னால் ஒரே மாதத்தில் பலன் தெரியும்.

12. பயிற்சிக் கணக்குகள்

கணக்கு 1: சரக்கோடு பின் அச்சு மட்டும் எடை மேடையில் 1,000 கிலோ காட்டுகிறது. பின்னால் இரண்டே டயர். பார எண் 86. நிலை என்ன?
விடை: ஒரு டயர்மேல் 500 கிலோ; தாங்கும் பாரம் 530. மிச்சம் 30 கிலோதான், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இனி ஒரு சிப்பம்கூட ஏற்ற வேண்டாம். முடிந்தால் சரக்கை முன்பக்கம் நகர்த்தவும்.

கணக்கு 2: 600 சதுர அடிக்குப் பூக்கல் அனுப்ப வேண்டும். சதுர அடிக்கு 4 கிலோ. வண்டி ஏற்றும் எடை 750 கிலோ. எத்தனை நடை?
விடை: மொத்தம் 2,400 கிலோ. ஒரு நடைக்கு 187 கல். மூன்று நடையில் 561 கல்தான் போகும். நான்கு நடை வேண்டும். நான்கு நடைக்கான டீசல், கூலியைப் பெரிய வண்டியின் ஒரு நடை வாடகையோடு ஒப்பிடவும்.

கணக்கு 3: ஒரு லாரியில் 2 டன் மிகைப் பாரம் பிடிபட்டது. அபராதம்?
விடை: 20,000 + 4,000 = 24,000 ரூபாய். இறக்குக் கூலியும் வேறு வண்டி வாடகையும் தனி.

உங்கள் வண்டியின் பதிவுச் சான்று, டயரின் பார எண், பின் அச்சின் எடை மேடைச் சீட்டு மூன்றையும் ஒன்றாக வைத்து இந்த வாரமே ஒரு முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவும். மூன்றும் ஒத்து வந்தால் பெரிய டயரே தேவைப்படாது. ஒத்து வராவிட்டால் முதலில் பாரத்தைக் குறைக்கவும். டயரைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.